கதவு வைத்த பெஞ்சு

திருவனந்தபுரத்துக்குக் கண் காட்டப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பொய் இல்லை. இடது கண்ணில் சில மாதங்களாகவே ஒரு மூட்டம்; அங்கே உள்ள கண்ணாஸ்பத்திரிக்கு நல்ல பேர். ஆனாலும் பாளையங்கோட்டைக்காரன் கண் காட்ட மலையாளத்துக்குத்தான் போக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. நான் போனது ஒரு பெஞ்சைப் பார்க்க. அதை வெளியே சொன்னால், கண் கிடக்கட்டும், முதலில் தலையைக் காட்டு என்பார்கள். அதனால் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் தம்பானூரில் இறங்கியபோது மழை. எங்கள் ஊரில் மழை பெய்தால் ஒரு வாரத்துக்குப் பேச்சு அதுதான். இங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. குடையை விரித்துக்கொண்டு அதே நடையில் போய்க்கொண்டிருந்தார்கள். என்னிடம் குடை இல்லை. வீட்டில் குடை எந்த மூலையில் இருக்கிறது என்று எஸ்தருக்குத்தான் தெரியும். என் மனைவி. அவள் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. நான் இன்னும் குடையைக் கண்டுபிடித்தபாடில்லை.

பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு லாட்ஜ். படிக்கட்டில் ஏறும்போதே தெரிந்துவிட்டது, ஒரு படி போல இன்னொரு படி இல்லை. பொதுப்பணித்துறையில் ஓவர்சீயராகக் காலம் தள்ளியவனுக்கு இதெல்லாம் காலிலேயே தெரியும். கட்டினவன் என் கையில் அகப்பட்டிருந்தால் அத்தனை படியையும் உடைத்துத் திரும்பக் கட்ட வைத்திருப்பேன்.

மேனேஜர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஒராள் தானா?"

"ஆமா."

"ஒரு ஆளுக்குள்ள ரூம் இல்ல, சாரே. ரெண்டு கட்டில் உள்ள ரூம்தான் உண்டு. ஒரு கட்டில் அங்ஙன சும்மா கிடக்கட்டும்."

சும்மா கிடக்கிற கட்டிலைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படித் தூங்குவது? பையை அதன்மேல் வைத்தேன். போதவில்லை. பையிலிருந்த வேட்டி சட்டை துண்டெல்லாம் எடுத்துப் பரப்பி வைத்தேன். அப்புறம் பரவாயில்லை.

பெஞ்சு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எஸ்தர் பிறந்தது போனக்காட்டில். திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே மலைமேல் இருக்கிற தேயிலைத் தோட்டம். அவள் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கிறிஸ்துமஸுக்கு மட்டும் தோட்டத்து லாரியில் கிறிஸ்தவக் குடும்பங்களை ஏற்றிக் கீழே இறக்கி, திருவனந்தபுரம் பாளையத்தில் இருக்கிற பழைய ஆங்கிலிக்கன் கோயிலுக்குக் கொண்டுபோவார்களாம். அப்போது அது துரைமார் கோயில். தோட்டத்து ஜனங்களுக்குக் கடைசி வரிசையில் இடம். அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் திருநெல்வேலிப் பக்கம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கோயில் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. விட்டத்தில் கயிறு கட்டி இழுக்கிற விசிறி, சிவப்பும் நீலமுமாகத் தரையில் விழுகிற வெயில் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அதெல்லாம் நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளாதது ஒன்றுதான்.

"அங்க பெஞ்சுக்குக் கதவு உண்டு" என்பாள். "உள்ள போயி கொண்டி போட்டுக்கிட்டா ஒருத்தரும் வர முடியாது."

"பெஞ்சுக்கு எதுக்குட்டி கதவு? ஆடு வந்து மேஞ்சிருமா?"

"எனக்குத் தெரியாது. கதவு உண்டு. நான் சாத்தியிருக்கேன்."

"எத்தன கட்டடம் கட்டியிருக்கேன்? எத்தன பெஞ்சு செஞ்சு வாங்கியிருக்கேன்? கதவு வச்ச பெஞ்ச எவன் பாத்தான்?"

"நான் பாத்தேன்."

முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய வழக்கு இது. விருந்தாளி வந்தால் அவர்களிடமும் வாதம் நடக்கும். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் பேச ஒன்றும் இல்லாத நாட்களில் நான் வேண்டுமென்றே பெஞ்சை இழுப்பேன். அவளும் காத்திருந்த மாதிரி வரிந்துகட்டிக்கொண்டு வருவாள்.

போன வருஷம் சர்க்கரை முற்றி, காய்ச்சலும் சேர்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கடைசி நாட்களில் பேச்சு முன்னும் பின்னுமாகப் போயிற்று. ஒரு சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கதவச் சாத்துங்க. பெஞ்சுக் கதவு. காத்து வருது" என்றாள். அதே மூச்சில், "உங்க கூட இருந்தது எனக்கு நல்லாருந்துச்சு" என்றாள்.

நான் எழுந்துபோய் வார்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பக்கத்தில் நின்ற அவள் தங்கை ரஞ்சிதம் அழுதுகொண்டே, "அக்காவுக்கு நெனவு தப்பிட்டு, அத்தான். பெஞ்சுக்குக் கதவுங்கா, என்னத்தையோ பிதற்றுதா" என்றாள். நர்ஸும் அதையேதான் சொன்னார். பிதற்றலுக்கு யாராவது பதில் சொல்வார்களா? நானும் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு இதே யோசனை. எஸ்தர் அப்படிப் பேசுகிறவள் இல்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லமாட்டாள். இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். நானும் அப்படித்தான். அப்படிப்பட்டவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை எந்தக் கணக்கில் வைப்பது? ஒரே மூச்சில் வந்த பேச்சு இரண்டு. ஒரே கலவையில் வார்த்த இரண்டு கல்லில் ஒன்று உதிர்ந்தால் மற்றதையும் நான் தள்ளிவிடுவேன். வேலையில் அதுதான் முறை. பெஞ்சுக் கதவு பொய் என்றால் மற்றதும் பிதற்றல்தான், அதற்குப் பதில் வேண்டாம். கதவு நிஜம் என்றால் அவள் தெளிவாகத்தான் பேசியிருக்கிறாள். அப்படியானால் நான் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பழவங்காடிப் பக்கம் போனேன். பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் உடைகிற சத்தம் ஓயவில்லை. பக்கத்து ஓட்டலில் சிவப்பரிசிச் சோறு, ஒவ்வொரு பருக்கையும் மொச்சைக்கொட்டை பருமனில். குடிக்க வெதுவெதுப்பாகச் சீரக வெள்ளம். எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்குத்தான் வெந்நீர் கொடுப்பார்கள். நான் பச்சைத்தண்ணீர் கேட்டதும் பரிமாறுகிறவர் சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சிக்கு நம்ம பக்கமா?"

"பாளையங்கோட்டை."

"அதான பாத்தேன். எனக்குச் சங்கரன்கோயில். இங்ஙன வந்து வருஷம் ரொம்ப ஆச்சு, கேட்டோ." தன் வாயிலிருந்து வந்த மலையாளக் 'கேட்டோ'வைத் தானே கேட்டு அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. "ஊருக்குப் போனா நான் மலையாளம் பேசுதேன்னு சிரிக்காங்க. இங்க பாண்டிக்காரம்பாங்க. என்ன செய்ய? இன்னும் கொஞ்சம் புளிசேரி ஊத்தட்டா?"

ஊற்றினார். நன்றாக இருந்தது. எஸ்தர் பாணியில் இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பாளையம் போனேன். மார்க்கெட் இரைச்சலைத் தாண்டி உள்ளே திரும்பினால் மரங்களுக்கு நடுவே கோயில். முதல் பார்வைக்கு நான் நினைத்ததைவிடச் சிறியது. எங்கள் பாளையங்கோட்டைக் கோபுரத்தைப் பார்த்த கண்ணுக்கு இது அடக்கமான கட்டடம்தான். ஆனால் வேலை சுத்தம். கூர்வளைவு வைத்த சன்னல்கள், ஒவ்வொரு சன்னலுக்கும் நடுவே சுவருக்கு முட்டுச்சுவர், மழைக்காகவே செங்குத்தாக இறக்கிய ஓட்டுக்கூரை, முகப்பின் உச்சியில் மணி தொங்க ஒரு சின்னக் கூடு. அடித்தளத்தைச் சுற்றி நடந்தேன். இவ்வளவு ஈரத்திலும் சுவரில் ஒரு விரிசல் இல்லை. எங்கள் இலாகாவில் கட்டிய கட்டடங்களை நினைத்துக்கொண்டேன், பேச்சு எதற்கு.

கோயிலைச் சுற்றிக் கல்லறைகள். எல்லாம் இங்கிலீஷ்காரர்கள். கல்லில் பாசி ஏறியிருந்தது. இளவயதுப் பெண்கள், கைக்குழந்தைகள். சீமையிலிருந்து கப்பலேறி வந்து, இந்த மழையில் காய்ச்சல் கண்டு செத்து, பேர் வாசிக்க ஒரு சொந்தக்காரரும் இல்லாமல் கிடக்கிறார்கள். வாசிக்க முடிந்தவற்றை மட்டும் வாய்விட்டு வாசித்தேன். வேறு என்ன செய்ய முடியும் நம்மால்?

கதவு பூட்டியிருந்தது. தோட்டத்தில் சருகு பெருக்கிக்கொண்டிருந்த பெண், கபியார் கல்யாண வீட்டுக்கு நெய்யாற்றின்கரை போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்றாள். கபியார் என்றால் மணியடித்து, கதவு திறந்து, விளக்கேற்றுகிறவர். எங்கள் பக்கத்துக் கோயில்குட்டியார்.

எனக்கு ஞாயிறு வரை பொறுமை இல்லை. தெற்குப் பக்கம் ஒரு சன்னலின் மரச்சட்டத்தில் ஒரு பலகை உடைந்திருந்தது. பக்கத்தில் ஒரு இங்கிலீஷ்காரியின் கல்லறை விளிம்பில் கால் வைத்து ஏறி, அதன் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தேன்.

உள்ளே வரிசையாகப் பெஞ்சுகள். மெருகு போட்ட சாதாரணப் பெஞ்சுகள். நடுவழிப் பக்கம் எல்லாம் திறந்தே கிடந்தன. ஒன்றுக்கும் கதவு இல்லை.

நான் ஜெயித்துவிட்டேன். முப்பது வருஷத்து வழக்கில் தீர்ப்பு என் பக்கம். கல்லறையை விட்டு இறங்கினேன். கொஞ்ச நேரம் அந்த இங்கிலீஷ்காரிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னது பிதற்றல்தான். எல்லாமே பிதற்றல். அவ்வளவு வருஷம் என்னோடு இருந்தது அவளுக்கு எப்படி இருந்தது என்று இனி எனக்குத் தெரியப் போவதில்லை. அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த ஏத்தக்காய் அப்பம் ஒன்று வாங்கி, பாதி தின்றுவிட்டு, காகிதத்தோடு சட்டைப்பையில் வைத்தேன். சட்டையில் எண்ணெய்க்கறை ஆனதுதான் மிச்சம்.

சனிக்கிழமை, வந்ததுக்குக் கண்ணையாவது காட்டுவோம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் மருந்து விட்டு, கண் பாப்பா விரிய வேண்டும் என்று ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, புரை ஆரம்பித்திருக்கிறது, அவசரமில்லை என்றார். இந்த மருந்தின் வேகம் இரண்டு மூன்று நாள் இருக்கும், கிட்டத்தில் உள்ளது தெரியாது, வெயில் கூசும் என்று அனுப்பிவிட்டார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். வெளியே நிற்கிறார்கள் என்றேன். அதற்குள் எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்துப் போயிருந்தது.

வெளியே வந்தால் உலகமே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு. பஸ்ஸின் மலையாளப் போர்டு முன்பும் எனக்குப் படிக்கத் தெரியாது. இப்போது போர்டே தெரியவில்லை. "தம்பானூர் போகுமா?" என்று கேட்டேன். கண்டக்டர் "கேறிக்கோ" என்றார். ஏறினேன். பஸ் தம்பானூர் வழியாகத்தான் போயிருக்கிறது. எனக்குத்தான் அது தம்பானூர் என்று தெரியவில்லை. இறங்கியபோது ஒரு வாய்க்கால், அதைத் தாண்டி நேரான தெரு, இருபக்கமும் ஒட்டி ஒட்டி ஓட்டு வீடுகள், தரையில் வெள்ளையாக ஏதோ. குனிந்து பார்த்தேன். கோலம். யாரோ என் முழங்கையைப் பிடித்து ஒதுக்கினார்கள்.

"கோலத்தை மிதிச்சுடாதேயும். எங்கே போகணும்?"

தமிழ். வயதான குரல். இது வலியசாலை அக்கிரகாரம் என்றும், தான் செக்ரட்டேரியட்டில் இருந்து ரிட்டையர் ஆனவர் என்றும் அவரே சொன்னார்.

"தம்பானூர் தாண்டின்னா வந்துட்டேள்! கண்ணுக்கு என்ன? மருந்து விட்டிருக்காளா?"

"ஆமா."

"இப்படித் தனியா வரலாமோ? ஆத்துக்காரியை அழைச்சுண்டு வரப்படாதோ?"

"அவ ஊர்ல இருக்கா" என்றேன். பொய் இல்லை. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், வேப்பமரத்துக்குக் கீழே இருக்கிறாள்.

அவர் என்னைக் கைப்பிடித்துத் தெரு முனைவரை கொண்டுவிட்டார். போகும் வழியில் ஒரு வீட்டு வாசலில் போளி வாங்கிக் கொடுத்தார். இங்கே அதன்மேல் பால் பாயசத்தை ஊற்றித் தின்பார்கள்; இனிப்பின்மேல் இனிப்பு. எஸ்தர் இருந்தால் தட்டிப் பறித்திருப்பாள், தனக்குச் சர்க்கரை என்ற கோபத்தில் எனக்கும் சேர்த்துக் கட்டுப்பாடு வைத்திருந்தாள். முழுவதும் தின்றேன். தடுக்க ஆளில்லாமல் தின்றால் அதிலும் ஒரு ருசி குறைகிறது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். பெஞ்சுக்காக இல்லை, அந்த வழக்கு முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலுக்குப் போகாமல் வேறு எங்கே போவது என்று எனக்குத் தெரியாது. அதுதான் காரணம்.

இங்கேதான் நான் எங்கள் ஊர்க்காரன் எவனும் செய்யக்கூடிய காரியத்தைச் செய்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டேன். எங்கள் பக்கம் கோயிலுக்குள் யாரும் செருப்போடு போகமாட்டார்கள். கிராமங்களில் பாய் விரித்துத் தரையில்தான் உட்காருவோம். உள்ளே நுழைந்து நடக்க நடக்கத்தான் சத்தம் காதில் விழுந்தது. டக் டக்கென்று பூட்ஸ் சத்தம், பெண்களின் குதிகால் செருப்புச் சத்தம். அத்தனை பேரும் செருப்போடு இருக்க, நான் ஒருத்தன் மட்டும் வெறுங்காலோடு. திரும்பப் போய்ப் போட்டுக்கொள்ளவும் கூச்சம். கோட்டுப் போட்ட ஒருவர் என் காலைப் பார்த்திருக்க வேண்டும். முகம் எனக்குத் தெரியவில்லை. "ப்ளீஸ்" என்று கை காட்டி, வடக்குப் பக்கம் கடைசி பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

கண் தெரியாவிட்டால் என்ன, காது இருக்கிறதே. ஆர்கன் முழங்கியதும் அந்தச் சத்தம் மேலே போய், திரும்பி இறங்கி வந்த விதத்திலேயே கூரையின் உயரம் புரிந்தது. மரக்கூரை. கான்கிரீட் கூரையாக இருந்தால் சத்தம் இப்படி மெத்தென்று விழாது. நிமிர்ந்து பார்த்தபோது கைமரங்கள் கருப்புக் கோடுகளாகத் தெரிந்தன. தூரத்தில் உள்ளது ஓரளவு தெரிந்தது. விட்டத்தில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். கயிற்று விசிறி தொங்கிய கொக்கிகளாக இருக்க வேண்டும். பீடத்துக்குப் பின்னால் வண்ணக்கண்ணாடிச் சன்னல் ஒரேயடியாகக் கசிந்து, சிவப்பும் நீலமும் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தது. கொக்கியும் கண்ணாடியும் அவள் சொன்னபடியே இருந்தன. அதனால் இன்னும் வேதனையாகத்தான் இருந்தது.

ஆராதனை இங்கிலீஷில். பாதிரியார் குரல் கனமான மலையாளக் குரல். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், ஒரே பெஞ்சில். எனக்கு முன்னால் ஒரு அம்மாள் தன் புருஷனுக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்தாள். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கல்யாணத்தன்று பீடத்துக்கு முன்னால் பக்கத்தில் நின்றதோடு சரி. அதற்குப் பிறகு எஸ்தரும் நானும் ஒரு ஞாயிறுகூடக் கோயிலில் அருகருகே உட்கார்ந்ததில்லை. அது ஒரு குறையாக அப்போது தோன்றவில்லை. வீட்டில்தான் எந்நேரமும் கூடவே இருக்கிறோமே என்று நினைத்திருப்பேன்.

அந்தப் பெஞ்சில் நான் மட்டும்தான். ஐந்து பேர் உட்காரும் நீளம்.

எங்கள் சபையில் நற்கருணைக்கு முன்னால் சமாதானம் கொடுப்பது என்று ஒரு முறை உண்டு. பாதிரியார் பீடத்திலிருந்து தன் கூப்பிய கைகளை உதவிக்காரரின் கைகளுக்குள் கொடுப்பார். அவர் முன் பெஞ்சில் ஒருவருக்கு. அப்படியே கைமாறிக் கைமாறி, பெஞ்சு பெஞ்சாகக் கடைசிவரை வரும். எங்கள் ஊரில் அது ஆண்கள் பக்கம் ஒரு ஓட்டம், பெண்கள் பக்கம் ஒரு ஓட்டமாக வரும், நடுவழியைத் தாண்டாது. அத்தனை வருஷத்தில் எஸ்தரின் கையிலிருந்து எனக்கோ, என் கையிலிருந்து அவளுக்கோ அது வந்ததே இல்லை.

முன் பெஞ்சு அம்மாளின் புருஷன் திரும்பி, தன் கைகளை என் கைகளுக்குள் வைத்தார். வெதுவெதுப்பான, கொஞ்சம் வியர்த்த கைகள். "Peace be with you" என்று இங்கிலீஷில் சொன்னார். திரும்பிக்கொண்டார்.

நான் இடது பக்கம் பார்த்தேன். சுவர். வலது பக்கம் பார்த்தேன். காலியான பலகை. பின்னால் யாரும் இல்லை. கோயில் முழுக்கக் கைமாறி வந்தது என்னிடம் வந்து நின்றுவிட்டது. கொடுப்பதற்கு எனக்கு ஆள் இல்லை. கூப்பிய கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். ஆஸ்பத்திரியிலும் அழாதவன், கல்லறையிலும் அழாதவன், அங்கே நின்று அழுதேன். விரிந்த பாப்பாவில் கண்ணீர் பட்டதும் அந்தக் கோயிலே கரைந்துபோயிற்று. விழுந்துவிடாமல் இருக்க நடுவழிப் பக்கம் நகர்ந்து, பெஞ்சின் முனைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

விரலுக்கடியில் ஏதோ இடறியது.

மெருகுக்கு அடியில் ஒரு கோடு. சின்னத் துண்டு மரம் ஒன்றைச் செதுக்கி உள்ளே பதித்திருந்தார்கள். விரல் நீளம், இரண்டு விரல் அகலம். அதைச் சுற்றிய மரத்தைவிட அது கொஞ்சம் வழவழப்புக் குறைவு. கையைக் கீழே இறக்கினேன். முழங்கால் உயரத்தில் அதே அளவில் இன்னொரு ஒட்டு. அந்த ஒட்டுக்குப் பக்கத்தில் மரத்தூள் குழைத்து அடைத்த ஆணித்துளைகள். மேலே மூன்று, கீழே மூன்று.

கண் நன்றாக இருந்திருந்தால் இதை நான் கவனித்திருக்கவே மாட்டேன். அவ்வளவு சுத்தமாக மெருகு போட்டு மறைத்திருந்தார்கள்.

ஆராதனை முடியும்வரை கையை எடுக்கவில்லை. அதன் பிறகு பாதிரியார் என்ன சொன்னார் என்று கேட்டால் ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. ஜனங்கள் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். காலடிச் சத்தம் ஓய்ந்ததும் முழங்காலிட்டு உட்கார்ந்து, எதிர்ச்சட்டத்தை, அதாவது எனக்கு முன்பெஞ்சின் பின்முனையைத் தடவினேன். இடுப்பு உயரத்தில் ஒரு ஒடுக்கமான குழி. அதையும் அடைத்திருந்தார்கள், ஆனால் அடைத்த மரம் சுருங்கி ஓரத்தில் நகம் நுழைகிற இடைவெளி. பக்கத்துப் பெஞ்சுக்குப் போனேன். அங்கேயும் அதே. அதற்கு அடுத்ததிலும் அதே. வடக்குப் பக்கத்து நாலைந்து பெஞ்சுகள் பழையவை. தெற்குப் பக்கம், நான் சன்னல் வழியாகப் பார்த்த பக்கம், பின்னால் செய்த புதுப்பெஞ்சுகள்.

மேலொரு கீல், கீழொரு கீல், எதிரே கொண்டி விழ ஒரு குழி. இப்படி ஒரு அமைப்பு மரத்தில் எதற்கு வேண்டும்? என் வேலையில் நான் படித்த பாடம் எல்லாம் சேர்த்து இதற்கு ஒரே பதில்தான் உண்டு.

"சாரே, என்னவாவது களஞ்சு போச்சா?" தொலைந்துவிட்டதா என்கிறார். கபியார். சாவிக்கொத்துச் சத்தத்தோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்தப் பெஞ்சுக்கெல்லாம் முன்ன கதவு இருந்ததா?"

"கதவோ? பெஞ்சுக்கோ?" சிரித்தார். "எனக்கு அறியில்ல. நான் வந்த காலம் தொட்டு இப்படித்தான். யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதும் இல்ல."

அவர் சொல்லவேண்டிய அவசியம் இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. எஸ்தர் இதே கடைசி வரிசையில், கால் தரைக்கு எட்டாத வயதில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக் கொண்டி போட்டிருக்கிறாள். மலையிலிருந்து லாரியில் குளிரக் குளிர வந்த பிள்ளைக்கு வாசல் காற்று பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியிலும் அவளுக்கு அதே காற்று. அவள் எதையும் பிதற்றவில்லை. நான்தான் வேறொரு கதவைப் போய்ச் சாத்தினேன்.

"கதவு அடைக்கட்டுமோ, சாரே? அடுத்த ஆராதனைக்குக் கொஞ்சம் நேரம் உண்டு."

"ஒரு நிமிஷம்" என்றேன்.

கடைசி பெஞ்சுக்குள் போனேன். வலது பக்கம், நடுவழியோரம், ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன். கையை நீட்டி, காற்றில் இல்லாத கதவை இழுத்துச் சாத்தினேன். கொண்டி இருந்திருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்து அழுத்தினேன். கபியார் பார்க்கிறார் என்று தெரியும். பார்க்கட்டும்.

கைகளைக் கூப்பினேன். அதுவரை கொடுக்க ஆளில்லாமல் என்னிடமே இருந்ததை வலது பக்கத்துக் காலியிடத்தில், அவள் மடி இருக்கக்கூடிய உயரத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

"எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சுட்டி" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்தக் கூரை அதை மெத்தென்று வாங்கிக்கொண்டது.

"பிரசங்கமோ?" என்றார் கபியார். "ஆமாமா. இன்னைக்குக் கொள்ளாமாயிருந்து." நன்றாக இருந்தது என்கிறார்.

"ஆமா" என்றேன். எழுந்து, சாத்தியதைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். வாசலில் ஒரே ஒரு ஜோடிச் செருப்புதான் கிடந்தது. போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கினேன்.